தர்ம வரிசை

தன் விரல்களை இயந்திரம் வெட்டிய கதையை ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதை "நடனம் – நாட்டுப்புறம் – பக்தி" என்று வகைப்படுத்தினேன். குறிப்புப் பெட்டியில் "முகபாவம் பிரமாதம்" என்றும் எழுதினேன். மொத்தம் பதினோரு விநாடி. என் சராசரி ஒன்பது. அதாவது இரண்டு விநாடி கூடுதலாக உட்கார்ந்து ரசித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம், ஒரே நாளில் மூவாயிரம் காணொளிகளை வகைப்படுத்தி முடித்ததற்காக எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசளித்தார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டேன். டிபன் பாக்ஸின் மூடி சரியாகப் பொருந்தாது. அப்போதே ஏதோ புரிந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் அப்போதே புரிந்ததில்லை.

என் பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்து நாலு. திருப்பூரில் இருபது வருஷம் கேபிள் டிவி நடத்தினேன். அது படுத்த பிறகு துரிதம் நெட்வொர்க் என்ற கம்பெனியில் வகைப்படுத்துநராகச் சேர்ந்தேன். முன்னுரிமைச் சட்டம் வந்த புதிது. அதுவரைக்கும் கம்பிக்குள் போகிற எல்லாமே ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. மந்திரியின் உரையும் சரி, என் மச்சான் எடுத்த ஆட்டுக்குட்டி வீடியோவும் சரி. சட்டம் வந்ததும் பணம் கட்டிய சரக்கு முன்னால் போகும், கட்டாதது பின்னால் போகும் என்றாகிவிட்டது. பின்னால் என்றால் எவ்வளவு பின்னால் என்பதை, சரக்கு என்ன வகை என்று பார்த்துக் கம்பெனி முடிவு செய்யும். வகையைச் சொல்வது முக்காலே மூணுவீசம் கணினி. கணினிக்குச் சந்தேகம் வந்தால் நான்.

இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பிரவீணா. என் டீம் லீடர். இருபத்தேழு வயது, என்னை அங்கிள் என்று கூப்பிடும். நல்ல பிள்ளை. என் மகளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், அதட்டவும் செய்திருப்பேன்.

"கோயில்ல ஸ்பெஷல் தரிசனம் இருக்குதில்லீங்களா அங்கிள், அதேதான்" என்றாள். "டிக்கெட் வாங்கினவங்க அந்த வழியா போயிருவாங்க. வாங்காதவங்க தர்ம தரிசனம். சாமி ஒண்ணுதான். யாரையும் வர வேண்டாம்னு சொல்லலீங்க. கூட்டமா இருக்கறதால லேட் ஆகும், அவ்வளவுதான்."

கேபிள்காரன் புத்தி சும்மா இருக்குமா. கம்பியில் இப்போது எவ்வளவு கூட்டம், நூற்றுக்கு எத்தனை ஓடுகிறது என்று கேட்டேன். அருமையான கேள்வி என்று சொல்லிவிட்டு பயிற்சித் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அருமையான கேள்வி கேட்டுவிட்ட பெருமையில், பதில் வரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் ஊரில் பணம் கட்டாத பாதைக்குத் தர்ம வரிசை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா தன் மகனோடு பேசும்போது படம் நின்று போனால், "தர்ம வரிசைல நிக்கறேன் சாமி" என்பார். சிரிப்போம்.

எங்கள் வேலை இப்படி. ஓடுகிற காணொளியிலிருந்து முப்பது விநாடித் துண்டு ஒன்று திரைக்கு வரும். ஒலி இருக்காது. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது, ஒலியை நீக்கிவிட்டால் அந்தரங்கம் காப்பாற்றப்படும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான்களுக்குக் கையால் பேசுகிறவர்கள் இருப்பது ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வகைகள் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு மூவாயிரம் ஊமைப் படம் பார்க்கிறவனுக்கு, கையை வீசி, கண்ணை உருட்டி, கழுத்தைச் சொடுக்கும் பெண் வேறு எப்படித் தெரிவாள்? அம்மன் கூத்து என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தா வந்தார்.

புகார் பிரிவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வகைப்படுத்திய ஆளைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் என்னைக் கூப்பிட வைத்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சேலை, தோளில் துணிப்பை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்கதான் அந்த டான்ஸ் மாஸ்டருங்களா?"

ஜெசிந்தாவின் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அவர் பேசக் கற்றதே கையால்தான். பல்லடம் சாலையில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் 'கைப்பேச்சு' என்றொரு மையம் நடத்துகிறார். காது கேளாதவர்கள் போனில் இவரைக் கூப்பிட்டுக் கையால் பேசுவார்கள். இவர் அதை டாக்டருக்கோ பேங்குக்கோ போலீசுக்கோ வாயால் சொல்வார். அவர்கள் சொல்வதைக் கையால் திருப்பிச் சொல்வார். பனியன் கம்பெனிகளில் காது கேளாதவர்கள் ஏராளம்; மிஷின் சத்தம் அவர்களைத் தொந்தரவு செய்யாது என்று முதலாளிகளுக்குப் பிரியம். அத்தனை பேருக்கும் அந்த மாடிதான் வாய்.

ஒரு துண்டுக்கு நாங்கள் போடும் வகை, அந்த இடத்தோடு பேசுகிற எல்லா இணைப்பிலும் ஒட்டிக்கொள்ளும். நான் முத்திரை குத்திய நாளிலிருந்து மையத்துக்கு வரும் படங்கள் விநாடிக்கு இருபத்தைந்திலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டன. நடனம், தர்ம வரிசை. ஐந்து படத்தில் நடனத்தைச் சகித்துக்கொண்டு பார்க்கலாம். பேச்சைப் பார்க்க முடியாது.

ஜெசிந்தா அந்த முப்பது விநாடித் துண்டை என் மேஜையிலேயே திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தில் நின்று அர்த்தம் சொன்னார். இது மிஷின். இது தகடு. இது சூப்பர்வைசர், மீசைக்காரர். இது கத்தி. முகபாவம் பிரமாதம் என்று நான் எழுதிய இடம் வந்தது.

"விரலை எண்ணிப் பாருங்க" என்றார்.

எண்ணினேன். எட்டு.

கலாமணியை நான் மறுநாள் பார்த்தேன், மையத்தில். முப்பத்து நாலு வயது. துணி வெட்டும் பிரிவில் ஒன்பது வருஷம். வெட்டும் கத்திக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு இருக்கும். அது இருந்தால் துணியை உயரமாக அடுக்க முடியாது. அவசர ஆர்டர் ஒன்றுக்காக சூப்பர்வைசர் அதைக் கழற்றிவிட்டார். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மற்றவர்களுக்கு அது விரல். அவளுக்கு நாக்கில் பாதி.

தகட்டை அவளே கழற்றினாள் என்று அவளுடைய பனியன் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. விசாரணை மன்றம் இப்போது எல்லாவற்றையும் திரையிலேயே நடத்துகிறது. தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர் சென்னையில், வக்கீல் கோயம்புத்தூரில். மொழிபெயர்ப்பாளர் கட்சிக்காரர் பக்கத்தில் உட்காரக் கூடாது, சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று விதி. அதனால் கலாமணி தன் அறையில், ஜெசிந்தா மையத்தில். முதல் விசாரணையில் மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூன்று தடவையும் கலாமணியின் படம் சிக்கிச் சிக்கி நின்றது. நாற்பது விநாடிக்குள் மொழிபெயர்ப்பு வராவிட்டால் பதில் இல்லை என்று பதிவாகும். அப்படியே பதிவானது. பதில் சொல்லாததால் குற்றச்சாட்டை மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்றும் அடியில் ஒரு வரி.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த வியாழன், பதினோரு மணி. அன்றும் பதில் வராவிட்டால் தவறு அவளுடையது. வேலை போகும், பெயர் முதலாளிகள் சங்கப் பட்டியலில் ஏறும், பிறகு இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

ஜெசிந்தா என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, கண்ணுக்கு முன்னால் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே கலாமணியைப் பார்க்கச் சொன்னார். ஆட்டினேன். கலாமணி பேசினாள். ஒரு கை தெரிந்தது, அட்டை, ஒரு தோள், அட்டை, திறந்த வாய், அட்டை. எனக்குச் சைகை மொழி தெரியாது. ஆனாலும் ஒருத்தியின் பேச்சு என் கையாலேயே துண்டு துண்டாவதைப் பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை.

அட்டையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே சமாதானத்தைச் சொன்னேன். கம்பியில் கூட்டம் அதிகம், கம்பெனியும் என்ன செய்யும். ஜெசிந்தா அதைக் கையால் சொன்னார். கலாமணி என்னையே பார்த்து ஏதோ கேட்டாள்.

"நீங்க எண்ணிப் பாத்தீங்களான்னு கேக்கறா."

விரலையே எண்ணாதவன் நான். டீயை மடமடவென்று குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். படியில் வரும்போதே உறைத்தது: என் அருமையான கேள்வியை இவள் என்னிடமே திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த ஆறு நாட்கள் நான் இரண்டு விஷயங்களுக்காக அலைந்தேன். ஒன்று, கைப்பேச்சுக்குச் சரியான வகை. பட்டியலில் ஜாதகத்துக்கு ஏழு வகை இருந்தது, ஊறுகாய்க்கு மூன்று, நாய்க்குக் குல்லாய் போடும் வீடியோவுக்குத் தனியாக ஒன்று. சைகை மொழி இல்லை. புது வகை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கொள்கைப் பிரிவிலிருந்து உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் நன்றி. மூன்றாம் தடவை நன்றியோடு ஒரு சிரிக்கும் பூ.

இரண்டாவது, கலாமணியின் கேள்வி. கம்பியில் எவ்வளவு ஓடுகிறது? இணைப்பு அறை மேலாளர் அது ரகசியம் என்றார். அவருக்கு மேலே இருப்பவர், அது ஒரு எண்ணில் அடங்குகிற விஷயம் இல்லை என்று கால் மணி நேரம் விளக்கினார். நான் கேபிள் நடத்திய காலத்தில் அது ஒரு எண்ணில்தான் அடங்கியது என்றேன். தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்றார். பிரவீணாவிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டீர்களா என்று என்னை விசாரித்தாள்.

டிக்கெட் வாங்கிவிட்டால் என்ன என்றும் விசாரித்தேன். முன்வரிசைக்கு ஒரு மாதக் கட்டணம், அந்த மாடிக்கு ஒரு வருஷ வாடகை. ஊமை ஜனங்கள் பேசுவதற்கு ஸ்பெஷல் தரிசனக் கட்டணம். எனக்கு அப்போதுதான் முதல்முதலாகச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நானே என் திரையில் துணிந்து திருத்தினேன். நடனத்தை அழித்துவிட்டு, இருப்பதில் நேர்மையான வகையைப் போட்டேன்: "தனிநபர் உரையாடல்". பேச்சைப் பேச்சு என்று எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டேன். வியாழன் மத்தியானம் மாடியில் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று.

வியாழன் பத்தரைக்கு மையத்தில் சோதனை போட்டோம். கலாமணியின் படம் வந்தது. விநாடிக்கு ஒன்று.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார், மரியாதையாகத்தான். சரியான வகைக்கு மாற்றினேன் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நடனத்துக்கு நடுவில் விளம்பரம் போடலாம். இருவர் பேசிக்கொள்வதற்கு நடுவில் போட முடியாது. விளம்பரத்துக்கு உதவாதது தர்ம வரிசையிலும் கடைசி. நான் தப்பாகச் செய்தபோது ஐந்து படம் கிடைத்தது, சரியாகச் செய்தபோது ஒன்று. திருப்பி மாற்ற ஒரு நாள் ஆகும்.

ஜெசிந்தா மெதுவாக, ஒவ்வொரு சைகையையும் நிறுத்தி நிறுத்தி, நிலைமையைக் கலாமணிக்குச் சொன்னார். அங்கேயும் விநாடிக்கு ஒரு படமாகத்தானே போயிருக்கும். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. நான் ஜிலேபிப் பொட்டலத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

பதினோரு மணிக்கு மன்றம் கூடியது. பனியன் கம்பெனி வக்கீல் முன்வரிசை; அவர் காலரில் பிரிந்திருந்த நூல்கூடத் தெரிந்தது. உறுப்பினர் ஒரு அம்மையார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கலாமணியின் கட்டம் மட்டும் ஓரத்தில், மங்கலாக.

முதல் கேள்வி. காப்புத் தகட்டை நீங்கள் கழற்றினீர்களா? ஜெசிந்தா நிறுத்தி நிறுத்திக் கேட்டார். திரையின் மூலையில் நாற்பது இறங்கத் தொடங்கியது.

கலாமணி தலையை ஒரு பக்கம் திருப்பி, வலது உள்ளங்கையை முன்னால் நீட்டியபடி நின்றாள். மூன்று விரல். அப்படியே உறைந்துவிட்டது. முப்பத்தைந்து. முப்பது. கேபிள்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெட்டியை அணைத்துப் போடுவது. எழுந்து போய் ஒயரைப் பிடித்தேன். ஜெசிந்தா என் புறங்கையில் பளீரென்று ஒரு அடி வைத்தார்.

உறுப்பினர் கேட்டார்: "திரை நின்னுடுச்சா?"

"இல்லைங்க மேடம்" என்றார் ஜெசிந்தா. "படம் வருது. அவங்கதான் அசையாம நிக்கறாங்க. இல்லைன்னு சொல்றாங்க."

உற்றுப் பார்த்தேன். ஒரு படத்தில் கண் திறந்திருந்தது. அடுத்ததில் மூடியிருந்தது. அதற்கடுத்ததில் திறந்திருந்தது. கை மட்டும் அசையவில்லை. அசைகிற பேச்சு இந்தக் கம்பியில் போகாது என்று தெரிந்துகொண்டவள், அசையாத ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது விநாடி முழுசாக. காயம் ஆறி நாலு மாதம் ஆகாத கை. கடைசிப் பத்து விநாடியில் மணிக்கட்டு நடுங்கியிருக்கும். விநாடிக்கு ஒரு படத்தில் நடுக்கம் தெரியாது. என் கம்பெனி எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

இரண்டாம் கேள்வி. யாரும் சொல்லாமல் நீங்களாகவே கழற்றினீர்களா? இல்லை, நாற்பது விநாடி. மூன்றாம் கேள்வி. தகடு இல்லாமல் வேலை செய்யச் சம்மதித்தீர்களா? இல்லை, நாற்பது விநாடி. வக்கீல் ஆட்சேபித்தார். உறுப்பினர் 'இல்லை' என்றே பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. தொழிலாளியின் தவறு நிரூபிக்கப்படவில்லை. கலாமணிக்கு வேலை மிஞ்சியது. செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் பெயர் உத்தரவில் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? மீசைக்காரர் வந்தது, தகட்டைக் கழற்றியது, அவள் தடுத்தது, அவர் ஆர்டர் போகணும் என்று கத்தியது, எல்லாம் கை அசைந்தால்தான் சொல்ல முடியும். அவளிடம் சொல்ல ஒரு முழு நாளின் கதை இருந்தது. கம்பி அனுமதித்தது மூன்று 'இல்லை'. மீசைக்காரர் இன்றைக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறார். தகடும் இன்னும் கழன்றே இருக்கிறதாம்.

இந்த இடத்தில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். மன்னிக்கவும், வரவில்லை.

உத்தரவு வந்த மறுநாள் பிரவீணாவை எதிர் டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஜெசிந்தா கொடுத்த விசாரணைப் பதிவைப் போனில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். நான் எதுவும் விளக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஹேங் ஆயிருச்சுங்க அங்கிள்" என்று திரையைத் தட்டினாள்.

"தட்டாத கண்ணு. பாரு."

பார்த்தாள். கண் இமைத்ததை அவளும் கண்டுபிடித்த விநாடி எனக்குத் தெரிந்தது. போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். மூன்று கேள்வியையும் கடைசி வரை பார்த்தாள். டீயில் ஆடை படிந்தது. என் டிபன் பாக்ஸை, அதே பரிசு டிபன் பாக்ஸை, நான் மூடுவதும் அது திறந்துகொள்வதுமாக இருந்தது.

வேலையை விடப் போவதைச் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு, சேர்ந்த முதல் நாள் கேட்டதையே மறுபடி கேட்டேன். கம்பியில் எவ்வளவு கூட்டம்?

எதிரே இருந்த எங்கள் கண்ணாடிக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பத்தொண்ணு அங்கிள்."

"நூத்துக்கா?"

"ஆமாங்க. அதுவும் தீபாவளி அன்னைக்கு. மத்த நாள்ல இருபதத் தாண்டாதுங்க." என் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸிடம்தான் சொன்னாள். "உள்ள கூட்டமே இல்லீங்க அங்கிள். தர்ம வரிசை வேகமா நகந்தா யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க. அதனால நாங்கதான் புடிச்சு நிறுத்தி வெக்கறோம்."